வெளியிடாமல் வைத்த வரி

கிண்ணியா
12.08.2024

தம்பி அர்ஷாக்குக்கு ஸலாம்.

போனில் கதைத்தால் நீங்களும் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன். பக்கத்து வீட்டார் வேலியோரம் வந்து நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் கத்தினால் அவர்களுக்குக் கேட்காது.

உங்கள் கூடப்பிறந்த காக்காவைத் தேட நீங்கள் செய்து தந்த இணையத்தளத்தை இன்றைக்கும் பார்த்தேன். முகப்பில் அலை அசைகிறது. அலை பார்க்கவா ஆட்கள் அங்கே வரப்போகிறார்கள்? என் புருசனின் முகத்தைக் காண எவ்வளவோ தூரம் கீழே தள்ள வேண்டியிருக்கிறது. அதற்குள் என் போன் சூடாகிவிடும்.

மே மாதம் படகில் போனது மூன்று பேர். படகை ஓட்டிய தண்டையல் கலீலுர் றஹ்மான், திரியாய் ஊர் கஜீபன், உங்கள் காக்கா பாஹிம். கஜீபனின் மனைவி பிரசாந்தினி இரண்டு பஸ் மாறி வந்து நல்ல படம் ஒன்று தந்துவிட்டுப் போனாள். அதை அன்றைக்கே உங்களுக்கு அனுப்பினேன். இன்னும் அந்தப் பழைய மங்கல் படம்தான் கிடக்கிறது. அவள் போன் எடுத்து, "அக்கா, இன்னும் மாத்தேல்லையோ?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல? கட்டாரில் எங்கட தம்பிக்கு வேலை கூடவாம் என்று சொல்கிறேன்.

அது போகட்டும். நான் எழுதித் தந்ததில் ஒரு வரியை மட்டும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். மறதியில் விட்டதில்லை என்று எனக்குத் தெரியும். பாஹிம் கடலுக்குப் போனது உங்கள் பேரில். அவருடைய மீன்பிடி அட்டை காலாவதியாகி, புதியது கைக்கு வரமுன்னம், அலுமாரிக்குள் கிடந்த உங்கள் அட்டையை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேருக்கும் ஒரே முகம். நீங்களும் "கொண்டு போங்க காக்கா, நான் இஞ்ச கடலுக்கா போறன்?" என்று சிரித்தீர்கள். இங்கே யார்தான் அப்படிப் போகவில்லை.

ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள். துறைமுகப் பதிவில் அந்தப் படகில் பாஹிம் என்று ஒருவர் போகவே இல்லை. அர்ஷாக் என்று ஒருவர் போனார். அந்த அர்ஷாக்கோ டோஹாவில் சுகமாக இருக்கிறார். ஆகவே அரசாங்கக் கணக்கில் காணாமல் போனது இரண்டு பேர்தான். என் புருசன் காணாமல் கூடப் போகவில்லை தம்பி. மீன்பிடித் திணைக்களக் கந்தோரில் நான் வாயால் சொன்னேன். "அட்டைக்காரர் எழுதித் தரட்டும்" என்றார்கள்.

எங்கேயாவது ஒரு நாட்டில் கரையேறியிருந்தால் அவர் அட்டையில் இருக்கிற பேரைத்தான் சொல்லியிருப்பார். பிடிபட்டால் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததா? பாஹிம் என்று தேடினால் அவர் எப்படி அகப்படுவார்?

எனக்கே கையாளக்கூடிய மென்பொருள் ஒன்று சொல்லுங்கள். நான் ஓ.எல். வரை படித்தவள். தளத்தை நானே வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்.

ஹுஸ்னியா


டோஹா
15.08.2024

மச்சிக்கு,

ஸலாம். கஜீபனின் படத்தை இப்போது மாற்றிவிட்டேன். அலையையும் எடுத்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி.

தளத்தை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. நினைத்தபடி மாற்றலாம், தமிழும் ஆங்கிலமும் சேர்த்து வைக்கலாம், நாளைக்கு வேறு இடத்துக்குக் கொண்டு போகவும் ஏலும். இந்தக் கம்பனியில் என் வேலையே அதுதான், அதனால் எனக்குக் கை பழகியது. உங்களுக்கும் உள்ளே நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்புகிறேன். இடது பக்கப் பட்டியலில் "பக்கங்கள்" என்று இருப்பதை மட்டும் தொடுங்கள். மற்றதொன்றையும் தொடாதீர்கள்.

அந்த வரியைப் பற்றி. மச்சி, என் வதிவிட அனுமதி நவம்பரில் முடிகிறது. புதுப்பிக்கிற நேரம் கம்பனி என் பேரை இணையத்தில் தட்டிப் பார்க்கும். அதில் நான் கடலில் காணாமல் போன ஆள் என்றோ, அட்டையை இரவல் கொடுத்த ஆள் என்றோ வந்தால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள். பிறகு உம்மாவின் மருந்துக்கு யார்? உங்களுக்கு யார்? காக்கா திரும்பி வந்தாலும் முதலில் அவரைத்தான் விசாரிப்பார்கள்.

நான் காக்காவைத் தேடவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நாட்டுச் செய்தியாகப் பார்க்கிறேன்.

அர்ஷாக்


கிண்ணியா
01.09.2024

தம்பி,

தளம் செத்துப் போய்விட்டது. நான்தான் கொன்றேன். ஏசுவதென்றால் ஏசுங்கள்.

"பக்கங்கள்" என்பதை மட்டும்தான் தொட்டேன். ஆனால் மேலே சிவப்பு வட்டத்தில் இலக்கம் ஒன்று நின்றுகொண்டே இருந்தது. "புதுப்பிக்கவும்" என்று கேட்டது. கேட்டால் செய்யத்தானே வேண்டும்? அமத்தினேன். பிறகு திறந்தால் வெள்ளை. எழுத்துமில்லை, படமுமில்லை, முழுக்க வெள்ளை. என் புருசனைக் கடல் ஒரு தடவை கொண்டு போனது, நான் இன்னொரு தடவை கொண்டு போய்விட்டேன்.

உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். நீங்கள் பார்க்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளுக்குள் யாராவது ஒருத்தன் தேடிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மூடிவிட்டுப் போயிருந்தால்?

இங்கே ஆட்களின் கதை வேறு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருவேன் என்று போனவர் வரவில்லை, இனி என்ன என்கிறார்கள். அக்கா முறையான பஹ்மியா தாத்தா வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "மனசத் தேத்திக்கொண்டு வெள்ளைய உடுத்தி இத்தால இரு புள்ள. நாலு மாசம் பத்து நாள்தானே. றோட்டால திரியிறது பாக்க நல்லாயில்ல" என்கிறா. புருசன் இறந்து மௌத்தானவள் அல்லவா வீட்டுக்குள் அடைந்து இத்தா இருக்க வேண்டும்? நான் வீட்டுக்குள் போய் இருந்தால் அவர் மௌத்து என்று நானே சொன்னதாகிவிடும். இருக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதோடு கதை பேச்சு இல்லை.

தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். எனக்கு ஏலாது என்று தெரிந்துதான் இந்தச் சாமானைக் கையில் தந்தீர்களா? நான் விழுந்தெழும்பி, கடைசியில் நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லுவேன் என்றா?

ஹுஸ்னியா


டோஹா
04.09.2024

மச்சி,

தளத்தை மீட்டுவிட்டேன். காப்புப் பிரதி இருந்தது. பிழை உங்களில் இல்லை. அந்த வடிவமைப்பில் நான் எனக்கு வசதியாகச் சில இடங்களை மாற்றி வைத்திருந்தேன். புதுப்பித்ததும் அது உடைந்துவிட்டது. அதை முன்பே சொல்லாதது என் பிழை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இல்லை என்று எழுதிவிட்டு அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்பவும் அழித்தேன். தெரியாது மச்சி. சில வேளை அப்படித்தானோ.

சரி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்று மென்பொருட்கள் இருக்கின்றன. நான் மூன்றைப் பார்த்தேன். ஒன்றில் தமிழ் எழுத்தின் கொம்பு தனியாகக் கழன்று நிற்கிறது. இன்னொன்று கணினியில்தான் வேலை செய்யும், போனில் ஒன்றும் மாற்ற ஏலாது. மூன்றாவதைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன். பக்கம் வெளியே எப்படித் தெரியுமோ அப்படியே உள்ளேயும் தெரியும். படத்தைத் தொட்டால் படம் மாற்றலாம், எழுத்தைத் தொட்டால் எழுத்தை மாற்றலாம். புதுப்பி என்று ஒன்றும் கேட்காது. அதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிழையாக அமத்தினால் பின்னுக்குப் போகிற அம்புக்குறி இருக்கிறது. தள முகவரியில் அவர்களின் பேரும் ஒட்டிக்கொண்டு வரும், அது இலவசத்துக்குக் கொடுக்கிற விலை.

முக்கியமானது இது. நீங்கள் எழுதுவது உடனே வெளியே போகாது, வரைவாக இருக்கும். வலது மூலையில் "வெளியிடு" என்ற பொத்தானை அமத்தினால்தான் உலகம் பார்க்கும்.

தளம் இனி உங்களுடையது. ஒரே ஒரு வாக்கு மட்டும் தாருங்கள். என் சம்மதமில்லாமல் என் பேரை வெளியிடவேண்டாம். உம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அர்ஷாக்


கிண்ணியா
22.09.2024

தம்பிக்கு,

நீங்கள் உம்மாவிடம் சொன்னதன் பலன் இது: மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினா. "ஒரு புள்ளையக் கடல் கொண்டு போட்டுது. மத்தப் புள்ளைட பேரையும் நீ கடலுக்க போடாத மகள்" என்றா. சரி மாமி என்றேன். வாக்கு வாக்குத்தான், பயப்படாதீர்கள்.

மென்பொருள் நல்லது. இதை முதலிலேயே தந்திருக்கலாம். உங்கள் காக்காவின் முகம் முதலில் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். கீழே நீலக் கட்டச் சேட்டு, இடது புருவத்துக்கு மேலே தூண்டில் கிழித்த தழும்பு, பல்லுக்கு இடையில் இருக்கிற இடைவெளி, எல்லாம் எழுதினேன். றஹ்மான் தண்டையலுக்குப் பல்லில் வெற்றிலைக் கறை. கஜீபனுக்குக் கையில் பச்சை குத்திய பிரசாந்தினியின் பேர். ஆங்கிலத்தை நீங்கள் பார்த்துத் திருத்துங்கள், ஆட்கள் சிரிக்கப் போகிறார்கள். அடியில் "எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு பெட்டி வைத்தேன். அதில் யார் எழுதினாலும் எனக்கும் உங்களுக்கும் வரும்.

"வெளியிடு" என்பதை அமத்தியதும் பலூனும் நட்சத்திரமுமாகத் திரையில் கொட்டி, உங்கள் தளம் இப்போது உலகத்துக்குத் திறந்திருக்கிறது என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். மே மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிரசாந்தினியும் பக்கத்தில் இருந்து சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தோம்.

அந்த வரியையும் எழுதி வைத்திருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும். வரைவாகத்தான் கிடக்கிறது. "இவர் தன் பெயரை அர்ஷாக் என்று சொல்லக்கூடும்." அவ்வளவுதான் தம்பி. அட்டை என்ற சொல்கூட இல்லை. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஹுஸ்னியா


டோஹா
09.10.2024

மச்சி,

தளம் அழகாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு இடம்தான் திருத்தினேன். நான் செய்ததைவிட உங்களுடையது நல்லது, முகஸ்துதிக்குச் சொல்லவில்லை.

வரியைப் பார்த்தேன். இப்போது வேண்டாம். கடவுச்சீட்டைக் கம்பனி வாங்கிவிட்டது. நவம்பர் கடைசிக்குள் அனுமதி கைக்கு வந்துவிடும். அதுவரைக்கும் பொறுங்கள். இவ்வளவு நாள் பொறுத்தோம்தானே.

அர்ஷாக்


கிண்ணியா
12.11.2024

தம்பி,

இவ்வளவு நாள் பொறுத்தோம் என்று எழுதியிருந்தீர்கள். யார் பொறுத்தது? உங்கள் அறையில் குளிரூட்டி இருக்கிறது. அவர் எங்கே படுத்திருக்கிறாரோ, யாருடைய மறியல் சிறையில் சோற்றுக்குக் கை நீட்டுகிறாரோ.

இங்கே மாரி தொடங்கிவிட்டது. மழைக்குச் சிக்னல் போய்விட்டால் தளத்தைத் திறக்க ஏலாது. குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தடிக்குப் போய் நின்று பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் என்னவும் சொல்லட்டும். பெட்டிக்கு இதுவரை வந்தது மூன்று: ஒருத்தன் தலைமுடி வளர்க்கிற எண்ணெய் விற்கிறான், ஒருத்தன் கடன் தருகிறானாம். மூன்றாவது, காக்கீநாடாவில் இருந்து ஒரு மனிசன், தன் மகனையும் கடலில் தேடுகிறாராம். எந்த மென்பொருளில் தளம் செய்தீர்கள், என்னாலும் ஏலுமா என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கு நீங்கள் எனக்கு எழுதித் தந்ததையெல்லாம் அப்படியே அனுப்பினேன். கொம்பு கழன்று நிற்கிறதையும் விடவில்லை.

நேற்று "வெளியிடு" மேலே பெருவிரலை வைத்துவிட்டேன். அந்த வரியோடுதான். மாமி பக்கத்து அறையில் தஸ்பீஹ் மணி உருட்டுகிற சத்தம் கேட்டது. எடுத்துவிட்டேன். இப்படி எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

உங்கள் காலைப் பிடிக்கிறேன் அர்ஷாக். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்கே தெரியும். அந்த வரியை வெளியே விடுங்கள்.

ஹுஸ்னியா


டோஹா
29.11.2024

மச்சி,

அனுமதி வந்துவிட்டது. வெளியிடுங்கள்.

இத்தோடு கந்தோருக்கு ஒரு கடிதமும் கையெழுத்து வைத்து இணைத்திருக்கிறேன். அட்டை என்னுடையது, போனது என் காக்கா என்று எழுதியிருக்கிறேன். என் படத்தையும் தளத்தில் போடுங்கள். உயிரோடு இருக்கிற அர்ஷாக் இவன், தேடுகிற ஆள் இவனுடைய காக்கா என்று எழுதுங்கள். இனி வருவது வரட்டும்.

உங்கள் போன கடிதத்தைக் கம்பனிக் கழிப்பறையில் இருந்து வாசித்தேன். வெளியே வர நேரமெடுத்தது.

அர்ஷாக்


டோஹா
08.12.2024

மச்சி,

நாலைந்து தடவை போன் எடுத்தேன், நீங்கள் தூக்கவில்லை. பெட்டிக்கு வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலம் விளங்கியிருக்கும், விளங்காமல் இருந்திருந்தால் நல்லது. இருந்தாலும் தமிழில் எழுதுகிறேன். யாரோ ஒருவர் வாசித்துச் சொல்லி நீங்கள் கேட்கக்கூடாது.

எழுதியவர் சுமத்ராவுக்கு அங்கால் ஒரு சின்னத் தீவில் பள்ளிக்கூட ஆசிரியை. ஜூலை மூன்றாம் திகதி அவவின் தம்பிமார் மீன்பிடிக்கப் போன இடத்தில், பிளாஸ்டிக் கான்களைக் கயிற்றால் கட்டி அதன் மேலே ஒருவர் கிடந்தாராம். தனியாகத்தான். உயிர் இருந்ததாம். தண்ணீர் பருக்கினார்களாம். பேர் என்ன என்று கேட்க, அர்ஷாக் என்றாராம். அவர்களுக்கு வேறு பாசை தெரியாது. கலிமா சொன்னது மட்டும் விளங்கியதாம். கரைக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஊரெல்லாம் நின்று தொழுது, தங்கள் பள்ளி மையவாடியிலேயே அடக்கினார்களாம். எந்த நாடு என்று தெரியாமல் ஜூலையில் இருந்து அந்த ஆசிரியை அந்தப் பேரைத் தட்டித் தட்டித் தேடியிருக்கிறா. போன கிழமைதான் உங்கள் தளம் அகப்பட்டதாம். புருவத் தழும்பும் நீலச் சேட்டும் சரியாம்.

அவர் தன் பேர் என்று சொன்னாரா, என்னைக் கூப்பிட்டாரா மச்சி? எனக்கு அதை யார் சொல்லுவார்கள்?

அர்ஷாக்


கிண்ணியா
14.12.2024

அர்ஷாக்குக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதமாட்டேன். மாமி கிடந்த பாயை விட்டு எழும்பவில்லை. பஹ்மியா தாத்தாதான் வந்து சமைத்துத் தருகிறா. பழைய கதையை அவவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

செய்தி வந்த அன்றைக்கே வெள்ளைச் சேலையை எடுத்து வைத்துவிட்டு, பள்ளி மௌலவியிடம் ஆளனுப்பினேன். எத்தனையாம் திகதியில் இருந்து இத்தா இருக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னேன். அவர் தானே வந்தார். வாசலுக்கு வெளியே நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "இத்தா மௌத்தான நாளில இருந்துதான் தங்கச்சி, கேள்விப்பட்ட நாளில இருந்து இல்ல. ஜூலை மூண்டு எண்டா நவம்பருக்குள்ள முடிஞ்சிட்டு. உங்களுக்கு இனி இத்தா இல்ல" என்றார்.

அவர் போன பிறகு விளங்கியது. நான் இத்தா இருந்துதான் இருக்கிறேன். தெரியாமல் இருந்திருக்கிறேன். பாலத்தடியில் குடையோடு நின்றது இத்தாவில். பஸ்ஸில் திரிந்தது இத்தாவில். பலூனையும் நட்சத்திரத்தையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேனே, அதுவும் இத்தாவில். நான் சிரித்த நாளில் அவர் மண்ணுக்குள் கிடந்தார். அவருக்காக வீட்டுக்குள் இருந்து ஒரு நாள் அழ எனக்கு உரிமை இருந்தது. அந்த உரிமை வரைவுக்குள் கிடந்து முடிந்துவிட்டது. அந்த வரி ஆகஸ்டில் வெளியே போயிருந்தாலும் அவர் உயிரோடு வந்திருக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். நான் கைம்பெண்ணாக இருந்திருப்பேன். அவ்வளவுதான் நான் உங்களிடம் கேட்டது என்று இப்போதுதான் விளங்குகிறது.

சேலையை மடித்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். உங்கள் அட்டை கிடந்த தட்டில்தான் இடமிருந்தது.

பிரசாந்தினி வந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். போகும்போது மெதுவாகக் கேட்டாள், "அக்கா, தளத்த மூடிப்போடுவீங்களோ?" என்று. கஜீபனும் றஹ்மான் தண்டையலும் அங்கே இன்னும் தேடப்படுகிறார்கள்தானே. மூடமாட்டேன் என்றேன். அவள் பஸ் ஏறிய பிறகு உட்கார்ந்து, காக்காவின் முகத்தைத் தொட்டு எடுத்து, கஜீபனின் முகத்தை முதலாவதாக வைத்தேன். காக்காவைப் பற்றிக் கீழே எழுதினேன்: பாஹிம், கிண்ணியா, ஜூலை மூன்று, இன்ன தீவு, இன்ன பள்ளி மையவாடி. அவருடைய சொந்தப் பேரில்தான் எழுதினேன். வெளியிட்டேன். இந்தத் தடவையும் பலூன் வந்தது. அதை நிற்பாட்ட வழியிருந்தால் சொல்லுங்கள்.

ஆசிரியை அவரை அடக்கிய கபுறின் படம் ஒன்று அனுப்பியிருக்கிறா. உங்களுக்கும் வந்திருக்கும், பார்த்தீர்களோ தெரியாது. தலைமாட்டில் பலகை நட்டிருக்கிறார்கள். அதில் வெள்ளை மையால் உங்கள் பேர் எழுதியிருக்கிறது. நீங்களும் உங்கள் காக்காவுமாக எனக்கு ஒரு கபுறைக்கூடச் சரியான பேரில் தரவில்லை.

தளத்தில் பிழையாக இருந்ததை நான் மாற்றிவிட்டேன், அது எனக்கு ஏலும். பலகையில் இருப்பது எனக்கு ஏலாது. உங்களுக்கு அனுமதி இருக்கிறது, கடவுச்சீட்டும் இருக்கிறது. அங்கே போய் உங்கள் பேரை அழித்துவிட்டு, அவருடைய பேரை எழுதிவிட்டு, பிறகு எனக்குப் போன் எடுங்கள். அப்போது தூக்குகிறேன்.

ஹுஸ்னியா